ஒறம்பரை போகட்டும்

சாத்விகா குடியிருப்புக்குள் முட்டை நுழையக் கூடாது. கேட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். பிறந்தநாள் கேக் கொண்டுவருகிறவனை நிறுத்தி, முட்டை போட்டதா போடாததா என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் காவலாளி உள்ளே விடுவார். கோயம்புத்தூருக்கு வடக்கே, அன்னூர் போகிற வழியில், சோளக்காட்டை வாங்கிக் கட்டிய அடுக்குமாடிகள். ஒரு சின்ன ஊரே அதற்குள் குடியிருந்தது. இவ்வளவு சுத்தபத்தமான இடத்தில் சமையல் வாயுக் குழாய் வழியாகவே அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சும்மா இருப்பார்களா? சங்கத்தைக் கூட்டிவிட்டார்கள்.

குழாயில் வாயு அனுப்புகிற சுடர்வழி நிறுவனத்தின் சார்பில் பதில் சொல்லப் போனவள் சாந்தாமணி, பாதுகாப்பு அதிகாரி. ஐம்பதை நெருங்குகிற வயது, தனிக்கட்டை, வாய் கொஞ்சம் நீளம். உள்ளதைச் சொன்னால் ஊர் கேட்டுக்கொள்ளும் என்று அந்த வயதிலும் நம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

சங்கத் தலைவர் வெள்ளியங்கிரி மைக்கைப் பிடித்தார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. மைக் இல்லாமல் அவரால் தண்ணீர் கூடக் கேட்க முடியாது.

"இங்க பாருங்கம்மா, நாங்கெல்லாம் பூண்டே சேத்துக்காதவங்க. எங்க சமையக்கட்டுல முட்டை நாத்தம் வருதுங்க. பூஜை ரூமுல கூட வருதுங்க. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

"ஐயா, அது முட்டை இல்லீங்க. கேஸுக்குத் தன்னால வாசமே கெடையாதுங்க. கசிஞ்சா மனுசனுக்குத் தெரியோணும்னு நாங்கதான் ஒரு மருந்தைக் கலந்து விடறோம். கேஸு குழாய்க்குள்ளயே இருந்தா நாத்தமும் உள்ளயே இருக்குமுங்க. உங்க ஊட்டுல நாத்தம் வருதுன்னா எங்கியோ கசியுதுன்னு அர்த்தம். ஆள் அனுப்பறோம், பாத்துச் சரி பண்ணிக் குடுத்துருவாங்க."

வெள்ளியங்கிரி அவளைக் கருணையோடு பார்த்தார். புத்தி மட்டான பிள்ளையை வாத்தியார் பார்ப்பாரே, அந்தக் கருணை.

"கசிவைப் பத்தி யாரும்மா கேட்டா? நாத்தத்தைப் பத்தித்தானே கேக்கறோம்."

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். படித்தவர்கள்தான் எல்லாரும். டாக்டர் இருந்தார், மில் முதலாளிகள் இருந்தார்கள், கல்லூரியில் வேதியியல் நடத்துகிற ஒரு அம்மாள்கூட இருந்தாள். அந்த அம்மாள் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

நிறுவனத்தின் எம்.டி. ஆதவ், அப்பா வாங்கிக் கொடுத்த நாற்காலியில் வெளிநாட்டுப் படிப்போடு வந்து உட்கார்ந்தவன். கோபமே வராது; எதைச் சொன்னாலும் புன்னகைதான். அதே குடியிருப்பின் உச்சி மாடியில்தான் அவனும் இருந்தான்.

"மேடம், கஸ்டமர் நாத்தம் வேண்டாங்கறாங்க. நாம நாத்தம்தான் தருவோம்னு அடம் புடிச்சா எப்படி? மூக்கை நம்பற காலமெல்லாம் போயிருச்சு" என்றான்.

சோதனைத் திட்டம் என்று பெயர் வைத்து, யார் யாரையோ பார்த்து, சாத்விகாவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு வாங்கினார்கள். குடியிருப்புக்கு வெளியே இருக்கிற வாயு நிலையத்தில் மருந்து கலப்பதை நிறுத்தினார்கள். மருந்துத் தொட்டியை மட்டும் கழற்றவில்லை. கழற்ற வேண்டுமென்றால் அதற்குத் தனியாக இன்னோர் அனுமதி வாங்க வேண்டும். அந்த அலைச்சல் எதற்கு என்று வால்வை மூடிப் பூட்டைப் போட்டு, சாவியைச் சாந்தாமணியிடம் கொடுத்துவிட்டார்கள்.

மூக்குக்குப் பதிலாகத் தோழி வந்தாள். அதாவது வந்தது. சமையலறை வாசலுக்கு மேலே, சுவரில் பதித்த வெள்ளை வட்டம். தோசைக்கல் அளவு இருக்கும். காற்றில் வாயு கலந்தால் கண்டுபிடித்துச் சொல்லும். குரல் இருக்கிறதே, அப்படியொரு குழைவு. வெண்ணெயில் கையை விட்ட மாதிரி இருக்கும். சொன்னது சரியா தவறா என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு பொத்தான்கள்: உண்மை, பொய். ஒரு வீட்டில் கற்றுக்கொண்டதை எல்லா வீட்டுத் தோழிகளும் கற்றுக்கொள்ளும். அதுதான் அதன் பெருமை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

முதல் சில மாதம் தோழி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. சாந்தாமணியே கொஞ்சம் அசந்துபோனாள். அப்புறம்தான் நம் ஜனங்கள் அதற்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள்.

வெள்ளியங்கிரி வீட்டுக்குப் புதுச் சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் விருந்துக்கு வந்திருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் வீட்டுக்கு வருகிற உறவு, விருந்தாளி எல்லாமே ஒறம்பரைதான். ஒறம்பரை வந்துவிட்டால் வீட்டில் யாரும் கொட்டாவிகூட விடமாட்டார்கள். பாயசம் பரிமாறுகிற நேரத்தில் தோழி, "உங்கள் வீட்டில் எரிவாயு கசிகிறது" என்றது. சம்பந்தியம்மாள் கரண்டியைப் பார்த்தாள், வெள்ளியங்கிரி சம்பந்தியம்மாளைப் பார்த்தார். எழுந்து போய்ப் பொய் என்ற பொத்தானை அமுக்கிவிட்டு, "மெசினுங்க, அப்படித்தான் எதாச்சும் ஒளறும்" என்று சிரித்தார். உண்மையில் கசிந்தது. அடுத்த நாள் ஆளைக் கூப்பிட்டு ரகசியமாகச் சரி செய்துகொண்டார். பொத்தானைப் போய் மாற்றி அமுக்கினாரா? அதெல்லாம் யார் நினைவில் இருக்கிறது?

இப்படியே வீட்டுக்கு வீடு நடந்தது. வெளியாள் யாருமில்லாதபோது தோழி பேசினால் உண்மை, ஒறம்பரை முன்னால் பேசினால் பொய்.

ஒரு வருடாந்தரச் சோதனையின்போதுதான் சாந்தாமணி அதைக் கவனித்தாள். காலி வீடொன்றில் நாலைந்து பேரை வாங்க வாங்க என்று கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, வேண்டுமென்றே குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டாள். தோழி வாயைத் திறக்கவில்லை. நெற்றியில் கடுகளவு மஞ்சள் புள்ளி ஒன்று மட்டும் வந்தது. சொல்வதற்கு ஏதோ இருக்கிறது, இப்போதைக்குச் சொல்வதற்கில்லை என்று அதற்கு அர்த்தம். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "போயிட்டு வர்றோமுங்க" என்று கிளம்பினார்கள். அவர்கள் தலை மறைந்ததும் தோழி மெதுவாக ஆரம்பித்தது: "வணக்கம். உங்கள் வீட்டில் எரிவாயு கசிகிறது."

சாந்தாமணி குழாயை மூடினாள். ஓடிப்போய் ஆதவிடம் சொன்னாள். அவனோ குதித்தான், சந்தோஷத்தில்.

"நாம யாரும் சொல்லிக் குடுக்கலை மேடம்! அதுவாக் கத்துக்கிருச்சு. வாங்க வாங்கன்னு சொன்னா ஒறம்பரை வந்தாச்சு, போயிட்டு வர்றோம்னா ஒறம்பரை போயாச்சு. நடுவுல ஊட்டு மானத்தை வாங்கப்படாது. எவ்வளவு பெரிய பண்பு பாருங்க!"

"ஒறம்பரை முன்னால வெடிச்சா மானம் போகாதுங்களா சார்?"

"ரொம்ப ஆபத்தான அளவு வந்தா அது சொல்லிரும்."

"எந்த அளவுங்க சார்?"

"அதையும் அதுவேதான் முடிவு பண்ணும். மனுசனைவிட அதுக்கு நல்லாத் தெரியும் மேடம். நீங்க ஏன் எப்பப் பாத்தாலும் நெகட்டிவாவே பேசறீங்க?"

அடுத்த மாத விளம்பரத்தில் 'நாசூக்கு தெரிந்த தோழி' என்று கொட்டை எழுத்தில் வந்தது. நூறு பேர் புதிதாக இணைப்புக் கேட்டார்கள்.

சாந்தாமணியின் தங்கை கிருஷ்ணவேணியின் வீடும் சாத்விகாவில்தான், ஏழாவது மாடி. அவள் மகள் தாமிராவுக்குப் பொள்ளாச்சியில் மாப்பிள்ளை அமைந்தது. தென்னந்தோப்பு, நார் மில், பெரிய குடும்பம். உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் பண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவாயிற்று. சாந்தாமணிக்குப் பிள்ளைகுட்டி இல்லை, தாமிராதான் எல்லாம். பிறந்த அன்று அந்தக் குழந்தையை முதலில் கையில் வாங்கியவளே அவள்தான். ஆசை ஆசையாகப் பட்டெடுத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

கூடம் நிறையச் சனம். ஏசி போட்டு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. சீர்த்தட்டு வைக்க இடம் போதவில்லை என்று கிருஷ்ணவேணியின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, காலையில் அடுப்பை மேடையின் மூலைக்குத் தள்ளி வைத்திருந்தார். பலகாரமெல்லாம் வெளியிலிருந்து வந்துவிட்டதால் அன்று யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை. தள்ளியபோது பின்னால் குழாய் முறுக்கிக்கொண்டதை யார் பார்த்தார்கள்?

மாப்பிள்ளையின் அம்மா குத்துவிளக்கு முன்னால் வந்து நின்றாள். தீப்பெட்டியை வாங்கி ஒரு குச்சியை எடுத்தாள். தாமிரா தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றாள். அந்த அழகைப் பார்த்த சாந்தாமணியின் கண், தாமிராவின் தலைக்கு மேலே, சமையலறை வாசலுக்குப் போனது. தோழியின் நெற்றியில் மஞ்சள் புள்ளி.

யோசிக்க நேரமில்லை. நிறைசொம்புத் தண்ணீரை எடுத்து விளக்கின் மேலும் அந்த அம்மாளின் கையின் மேலும் தீப்பெட்டியின் மேலும் ஊற்றிவிட்டாள்.

நிச்சயத்தன்று, ஏற்றப்போகிற விளக்கில் தண்ணீர்! அதுவும் தாலி இல்லாத ஒருத்தி கையால்!

"யாரும் சுவிச்சுல கைய வைக்காதீங்க! கேஸு கசியுது! எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடி, மேடைக்கு அடியில் இருந்த வால்வை மூடினாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா சீலையைப் பிழிந்தபடி மேலே பார்த்தாள். "கசிஞ்சா அந்த மெசின் சொல்லாதுங்களா? அதுக்குத்தானே அதை மாட்டி வெச்சிருக்குது" என்றாள். எல்லாரும் தோழியைப் பார்த்தார்கள். தோழி வாய் திறக்கவில்லை. ஒறம்பரை நிற்கும்போது எப்படித் திறக்கும்?

"நாத்தமும் ஒண்ணும் இல்லீங்களே" என்றார் யாரோ.

பொள்ளாச்சிக்காரர்கள் கிளம்பினார்கள். கோபம் தாங்காமல், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. போயிட்டு வர்றோம் என்று அவர்கள் சொல்லாததால், ஒறம்பரை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்று தோழி மரியாதையாகக் காத்துக்கொண்டே இருந்தது.

"பாருடி, அது ஒண்ணுமே சொல்லல" என்று கிருஷ்ணவேணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டியே, பாவி! உனக்கு வாழக் குடுத்து வெக்கலைன்னா அவளும் வாழப்படாதா?"

சாந்தாமணிக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. வாசற்படியில் போய் நின்றுகொண்டு, ஆளில்லாத கூடத்தைப் பார்த்து, "சரிங்க, அப்ப நாங்க போயிட்டு வர்றோமுங்க" என்றாள். அக்காவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் கிருஷ்ணவேணி நினைத்திருப்பாள்.

தோழி கனைத்துக்கொண்டது. "வணக்கம். ஒறம்பரை கிளம்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இடைஞ்சலுக்கு மன்னிக்க வேண்டும். உங்கள் வீட்டில் சற்று நேரமாகவே எரிவாயு கசிந்துகொண்டிருந்தது. நான் சொன்னது உண்மையா, பொய்யா?"

நாச்சிமுத்து போய் அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தாமிரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கிருஷ்ணவேணி அழுகையை நிறுத்தினாள். அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பொய் என்ற பொத்தானை அமுக்கினாள்.

"வேணி! என்னடி பண்ற?"

"உண்மைன்னு அமுத்துனா ஆளுங்க வருவாங்க. யூனிபார்ம் போட்டுக்கிட்டு வந்து வாசல்ல ஆபத்துன்னு மஞ்சப் பட்டையைக் கட்டுவாங்க. சங்கத்து குரூப்புல போடுவாங்க. அது பொள்ளாச்சிக்குப் போக எவ்வளவு நேரமாகும்? கேஸை மூடத் தெரியாதவ பெத்த பொண்ணுன்னு பேச மாட்டாங்களா? நாங்களே கொழாயில டேப்பைச் சுத்திக்கறோம். நீ கெளம்பு மொதல்ல."

"நன்றி. கற்றுக்கொண்டேன்" என்றது தோழி.

தங்கையின் மேல் வந்த கோபத்தைவிட அந்த நன்றியின் மேல்தான் சாந்தாமணிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இனிமேல் அந்த அளவு வாயு அந்த வீட்டில் மட்டுமல்ல, சாத்விகாவில் எந்த வீட்டில் கசிந்தாலும் தோழிக்கு அது கசிவே இல்லை. மஞ்சள் புள்ளிகூட வராது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள், முட்டை போடாத கேக். எச்சரிக்கைகள் பாதியாகக் குறைந்துவிட்டனவாம். ஆதவ் சுவரில் ஒரு கோட்டைப் போட்டுக் காட்டினான்; மேலேயிருந்து சறுக்குமரம் மாதிரி இறங்கியது.

"எச்சரிக்கைதான் சார் கொறஞ்சிருக்கு. கசிவு கொறையலை. எந்தங்கச்சி ஊட்டுக்கு இன்னைக்கே ஆள் அனுப்போணும்."

அவன் தொடுதிரையைத் தடவிப் பார்த்தான். "வீட்டுக்காரங்களே பொய்னு அமுத்தியிருக்காங்களே மேடம். அவங்க கூப்பிடாம நாம எப்படிப் போறது? ப்ரைவசி இருக்குதில்ல? இந்தாங்க, கேக் சாப்பிடுங்க."

கேக்கை அவன் மூஞ்சியிலேயே அப்பியிருக்கலாம். அப்பவில்லை, மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். தங்கைக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. நேரில் போனாள், கேட்டில் காவலாளி தலையைச் சொறிந்தார். "ஏழாம் மாடியில உங்கள விட வேண்டாம்னு சொல்லியிருக்காங்கம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தாமிரா பாத்ரூமுக்குள்ளிருந்து போன் செய்தாள்.

"பெரியம்மா, அவங்க ஞாயித்துக்கெழமை மறுபடி வர்றாங்க. அம்மா எப்படியோ பேசிச் சரிக்கட்டிட்டாங்க."

"என்ன சொன்னாளாம்?"

"உங்களுக்கு மனசு செரியில்லைன்னு, ரொம்ப நாளா மருந்து சாப்பிடறீங்கன்னு சொல்லியிருக்காங்க. கோவிச்சுக்காதீங்க பெரியம்மா."

"சொல்லிட்டுப் போறா. கொழாயைச் சரி பண்ணுனாங்களா?"

"அப்பா டேப்பு சுத்தியிருக்காரு. அது பிசுபிசுன்னு நழுவுது. நான் வால்வை மூடி மூடி வெக்கறேன், அம்மா பால் காய்ச்சோணும்னு தொறந்து தொறந்து உடறாங்க. தோழியக் கேட்டா எல்லாம் நலம்ங்குது." அவள் குரல் இறங்கியது. "விளக்குல தண்ணி ஊத்துன தோசத்துக்குப் பரிகாரம் பண்ணச் சொன்னாங்களாம். கூடத்துல நூத்தியெட்டு விளக்கு ஏத்தப்போறாங்க. எனக்கு பயமா இருக்குது பெரியம்மா."

ஏசி போட்ட கூடம், சாத்திய ஜன்னல், நழுவுகிற டேப், நூற்றெட்டு விளக்கு. இதைவிடப் பொருத்தமாக ஒரு குடும்பத்தைக் கொளுத்த எதிரியால்கூடத் திட்டம் போட முடியாது. எல்லாம் மங்களகரமாக, நல்ல நேரம் பார்த்து.

சாந்தாமணி சாயந்திரம் வரை யோசித்தாள். போலீசுக்குப் போனால், மருந்து சாப்பிடுகிற அக்கா என்று தங்கையே சொல்லுவாள். குடியிருப்புக்குப் போகிற வாயுவை நிறுத்தினால், ஆதவ் அரை மணியில் திறக்கச் சொல்லிவிடுவான். எதை மூடினாலும் திறப்பார்கள், எதைச் சொன்னாலும் பொய் என்று அமுக்குவார்கள். பொத்தான் இல்லாத ஒன்று வேண்டும், ஒறம்பரை வந்திருக்கிறதே என்று பார்க்காத ஒன்று.

சனிக்கிழமை மத்தியானம் வாயு நிலையத்துக்குப் போனாள். மருந்துத் தொட்டியின் பூட்டு துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்தாள். பல நாள் மருந்தே பார்க்காத குழாய் முதலில் வருகிற மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று தெரியும், அதனால் வழக்கத்தைவிடத் தாராளமாகவே கலக்க விட்டாள். வாயுவை நிறுத்தினால் திறக்கலாம். குழாய்க்குள் போய்விட்ட நாற்றத்தை ஆதவ் இல்லை, அவனுடைய அப்பா வந்தாலும் திரும்பக் கூப்பிட முடியாது. வேலை போகும் என்பதும் தெரியும். போகட்டும், பிடித்து வைத்துக்கொள்கிற மாதிரி என்ன வேலை அது?

மருந்து இரண்டு சொட்டு அவள் சீலையிலும் பட்டுவிட்டது. டவுன் பஸ்ஸில் ஏறியதும் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியது. பல வருடத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவளுக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுப்பாட்டு அறையில் தானே போய் உட்கார்ந்துகொண்டாள். பழுது பார்க்கிற ஆள்கள் எல்லாரையும் சாத்விகா கேட்டில் வண்டியோடு நிறுத்தியிருந்தாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "கூப்புடுவாங்க, இருங்க" என்று மட்டும் சொன்னாள்.

முதல் போன் சங்கத் தலைவர்.

"ஏனுங்கம்மா, மறுபடியும் முட்டை நாத்தம்! என்ன அக்கிரமம் இது?"

"உங்கூட்லயாங்க ஐயா? அடுப்பைப் பத்த வெக்காதீங்க. ஜன்னலைத் தொறந்துட்டு வெளிய வாங்க. ஆள் வர்றாங்க."

"அது கெடக்கட்டும். எங்கூட்ல மட்டுந்தான் நாறுதா, எல்லாத்து ஊட்லயும் நாறுதா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"கசியற ஊட்ல எல்லாம் நாறுமுங்க."

"எங்கூட்ல கசியுதுன்னு சொல்ல வர்றீங்களா?" என்று அவர் சீறினார். அப்புறம்தான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் மணி நிற்கவே இல்லை. பி பிளாக், டி பிளாக், மறுபடி பி பிளாக். டாக்டர் கூப்பிட்டார். வேதியியல் அம்மாள் கூப்பிட்டு, இது என்ன வாயு, எந்த ஊர் நாகரிகம் என்று கத்தினாள். இத்தனை நாளாகத் தோழி எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்து, தான் கசிவதைத் தானே சொல்லின. சாந்தாமணி வீட்டு எண்ணைக் கேட்டு ஆளை அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

ஆதவும் கூப்பிட்டான். புன்னகை இல்லாத அவன் குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்டாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க மேடம்? எங்கூட்ல நிக்க முடியலை. இன்வெஸ்டர்ஸ் வந்து உக்காந்திருக்காங்க!"

"ஒறம்பரையா சார்? அதான் தோழி சும்மா இருந்திருக்குது. எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு படியில எறங்கிருங்க. லிப்டு சுவிச்சு வேண்டாம்."

"உங்களை டிஸ்மிஸ் பண்றேன்!"

"கீழ எறங்கிட்டுப் பண்ணுங்க சார்."

எல்லாரும் கூப்பிட்டுவிட்டார்கள். ஏழாவது மாடி மட்டும் கூப்பிடவில்லை. விளக்கேற்றுகிற நல்ல நேரம் நெருங்கிவிட்டது. ஒருவேளை டேப் பிடித்துக்கொண்டதோ? ஒருவேளை பூவும் சந்தனமும் பன்னீருமாகச் சேர்ந்து நாற்றத்தை அமுக்கிவிட்டதோ? ஆளை அனுப்பினாள், கதவைத் திறக்கவில்லை, உள்ளே மேளம் கேட்கிறது என்று சொன்னார்கள். தாமிராவின் எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடவுளே, நாறட்டும், நல்லா நாறட்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். இப்படியொரு வேண்டுதலை எந்தச் சாமியும் கேட்டிருக்காது.

அப்போதுதான் தங்கையின் எண் திரையில் வந்தது.

"நீயெல்லாம் நல்லா இருப்பியாடி? உன்ற வேலைதானே இது?" கிருஷ்ணவேணி மூச்சு வாங்கினாள். பின்னால் கார்ச் சத்தமும் சனங்களின் இரைச்சலும் கேட்டன. "ஊடு பூரா முட்டை அழுகுன நாத்தம்! ஒரு விளக்குக்கூட ஏத்தலை. சம்பந்தியம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓங்கரிச்சுக்கிட்டே எறங்கிட்டாங்க. பொள்ளாச்சி சனம் மொத்தமும் ரோட்டுல நிக்குது!"

"தாமிரா எங்கடி?"

"அவளுந்தான் ரோட்டுல நிக்கறா, பட்டுச் சீலையோட! ஊரே வேடிக்கை பாக்குது!"

"நீ? உன்ற வீட்டுக்காரரு?"

"நாங்க மட்டும் அந்த நாத்தத்துல ஒக்காந்து என்ன பண்றது? இங்கதான் நிக்கறோம்."

சாந்தாமணி நாற்காலியில் சாய்ந்தாள். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"அக்கா! கேக்குதா? இந்த நாத்தம் எப்பத்தான் போகும்?"

"கசிவை அடைச்சா போயிரும் சாமி. ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க."

"கசிவைப் பத்தி யாருடி கேட்டா?" என்று தங்கை அலறினாள். "நாத்தத்தைப் பத்தித்தானே கேக்கறேன்!"

சாந்தாமணிக்கு அந்த அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, ஏழாவது மாடிக்குப் போங்கப்பா, கதவு திறந்துதான் கிடக்கும், இப்போது வீட்டில் ஒறம்பரை யாரும் இல்லை என்று ஆள்களிடம் சொன்னாள்.